அரைச் சுற்று

மாமா மூடிய குழாயை மாமாதான் திறக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்த வாசகம் இது. எங்காவது ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டால் போதும், மாமா சாப்பாட்டுக் கையோடு எழுந்து போய்விடுவார். அவர் இறுக்கிய குழாயைப் பெண்கள் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாலும் அசையாது. எண்ணெய்ப் புட்டியின் மூடி, கட்டில் காலின் மறையாணி, பேரப்பிள்ளையின் தண்ணீர் பாட்டில், எதுவும் அவர் கைக்குத் தப்பியதில்லை.

"அட, ஒரு அரைச் சுத்துதானே சுத்தினேன்" என்பார், ஒன்றும் அறியாத பிள்ளையைப் போல முகத்தை வைத்துக்கொண்டு.

"உங்க அரைச் சுத்துக்கு ஆயுசு முழுக்க நான் வாஷர் மாத்தணும் மாமா" என்பான் மருமகன். வீடே சிரிக்கும்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். அந்த மருமகனின் கூடப்பிறந்த அக்கா. மூத்தவள் என்றுதான் உறவில் எல்லோரும் அவளைக் குறிப்பிடுவார்கள். அவளுக்கும் தம்பிக்கும் அவர் தாய்மாமன், தம்பிக்கு மாமனாரும்கூட. மாமாவின் அரைச் சுற்று எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பாவை அது விழுங்கியிருக்கிறது.

ஊருக்குத் தண்ணீர் கொடுத்த பழைய நீரேற்று நிலையம் ஆற்றங்கரையில் இருந்தது. உயரமான செங்கல் கூடம், வளைந்த ஜன்னல்கள், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. அவளுடைய தாத்தா அங்கே நீராவி எஞ்சினுக்கு நிலக்கரி தள்ளியவர். நீராவி போய் மின்சார மோட்டார் வந்த காலத்தில் அப்பா பம்பு டிரைவர் ஆனார். கூடத்தில் இருந்த பம்புகளில் பெரியதற்கு 'யானை' என்று பெயர். யானை படுத்தால் ஊரில் பாதிக் குழாய்களில் காற்றுதான் வரும். அந்த யானையை ஓட்டுகிறவர் என்றால் கடைத்தெருவில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவின் தம்பியைக் கூட்டிப்போய் அங்கே சேர்த்துவிட்டவரும் அப்பாதான்.

பம்புக்குள் சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீர் பீறிடாமல் இருக்க, கொழுப்பில் ஊறிய பருத்திக் கயிற்றை வளையம் வளையமாகத் திணிப்பார்கள். அதன்மேல் ஒரு இரும்பு மூடியை வைத்து இரண்டு பக்கமும் நட்டுப் போட்டு முறுக்குவார்கள். கிளாண்டு என்று அதற்குப் பெயர். அதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: கிளாண்டு சொட்ட வேண்டும். சொட்டும் தண்ணீர்தான் சுழலும் தண்டின் சூட்டைத் தணிக்கிறது. சொட்டு நின்றால் கயிறு காயும், புகையும், கருகும்; கடைசியில் தண்டையே அறுத்துவிடும். "ஒழுகுற வரைக்கும்தான்டா இதுக்கு உயிரு" என்று அப்பா மைத்துனனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். மைத்துனனுக்கும் அது நன்றாகத் தெரியும். ஆனால் புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. ஸ்பேனரோடு கிளாண்டுப் பக்கம் நீளும் அந்தக் கையை அப்பா எத்தனையோ தடவை தட்டிவிட்டிருக்கிறார்.

அந்தக் கூடத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. வேலை மாறும்போது, போகிற டிரைவர் எண்ணெய் துடைக்கும் துணியை வருகிற டிரைவரின் கையில் கொடுப்பார். துணி கைமாறிவிட்டால் இயந்திரம் கைமாறியதாக அர்த்தம். அதற்குப் பிறகு போகிறவர் எதையும் தொடக்கூடாது. தூசி தட்டக்கூட அவருக்கு உரிமை கிடையாது. இந்தச் சட்டத்தை மீறியவன் என்று ஒருவனும் இல்லை என்பதில் அந்த டிரைவர்களுக்கு ஒரு கர்வமே இருந்தது.

ஆறு வற்றிப் பாசி மண்டிய ஒரு கோடையில், மதியம், மாமா துணியை அப்பாவிடம் கொடுத்தார். தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில் பாசி அடைத்திருந்ததால் அப்பா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினார். அது டிரைவர் செய்ய வேண்டிய வேலைதான். மாமா கைகால் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். கிளம்புகிற வழியில் யானை சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா கரையேறி வந்தபோது கூடம் முழுக்கப் புகை. யானை ஒரு அலறலோடு நின்றது. சூடு ஆறியபின் நட்டுகளைக் குனிந்து பார்த்தார். சரியான இறுக்கத்துக்கு அடையாளமாக அரம் வைத்து அவரே கிழித்துவைத்திருந்த கோடு, இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு நட்டிலும் அதே அரைச் சுற்று. அந்தக் கையை அவருக்குத் தெரியாதா?

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் மாமாவைக் கேட்டார்கள். மாமா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"துணி அத்தான் கையில இருந்துச்சுங்க."

அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எதிர்த்து நின்றிருக்கலாம். அப்பா எதிர்க்கவில்லை. "அவன் பண்ணினதை அவன் வாயால சொல்லட்டும். மச்சினனைக் காட்டிக்கொடுத்துத்தான் நான் சோறு திங்கணும்னு இல்லை" என்று வீட்டில் சொன்னார். மாமா சொல்வார் என்று அவர் காத்திருந்தார். மாமா சொல்லவில்லை. அப்பாவின் வேலை போனது.

ஊர் வாயை உலைமூடி கொண்டு மூட முடியுமா? தண்ணீர் வராத வீட்டுப் பெண்கள் வெறுங்குடத்தோடு வாசலுக்கு வந்து கத்தினார்கள். ஒருத்தி குடத்தையே எறிந்தாள். 'யானையைக் கருக்கினவன்' என்று தொடங்கி, பேச்சில் தேய்ந்து, கடைசியில் அப்பாவின் பெயரே 'கருக்கி' ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவள் கருக்கி மகள். அப்பா பிறகு ஒரு துணிக்கடை வாசலில் காவலுக்கு முக்காலி போட்டு உட்கார்ந்தார், அங்கேயும் கருக்கிதான். அவர் இறந்த அன்று தெருவில் ஒரு கிழவன் இன்னொருவனிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "யாருப்பா? நம்ம கருக்கியா? போயிட்டாரா?"

மாமா யானைக்குப் புதுத் தண்டு போட்டு ஓடவைத்தார். ஃபோர்மேன் ஆனார். அவள் பிறந்து வளர்ந்த, நிலையத்துக்குச் சொந்தமான ஆற்றங்கரை வீடு அவருக்கு ஒதுக்கப்பட்டது. பிறகு பம்புக்குப் பின்னால் இருந்த சுவரில் ஒரு பித்தளைத் தகடு அடித்தார்கள்: 'ஓட்டுநர் ஒருவரின் கவனக்குறைவால் எரிந்துபோன இப்பம்பு, எங்கள் ஃபோர்மேனின் திறமையால் மீண்டும் ஓடியது.' அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மகளையும் திறக்க விடவில்லை. "அவன் என் கூடப்பிறந்தவன். ஒரு வார்த்தை பேசினே, என்னை உசிரோட பாக்க மாட்டே" என்றாள். அம்மா இருந்தவரைக்கும் அவள் பேசவில்லை. தம்பி மாமாவின் மகளையே விரும்பிக் கட்டிக்கொண்டபோதும் பேசவில்லை. கல்யாணத்துக்குப் போனாள், முதுகு வளையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

பேசாமல் இருந்தாளே தவிர மறக்கவில்லை. பம்பு பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை வைத்தாள். தம்பியையும் கூடச் சேர்த்துக்கொண்டாள். நாலா பக்கத்திலிருந்தும் பம்புகள் வந்தன. "கருக்கி மகளா பம்பைப் பிரிக்கிறா?" என்று கேட்டவர்களே பிறகு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

ஊர் பெருத்தது. தண்ணீருக்கு வேறு இடத்தில் பெரிய நிலையங்கள் வந்தன. ஆற்றங்கரைக் கூடத்தைப் பழைய இயந்திரங்களின் காட்சிச்சாலையாக மாற்ற முடிவானது. அதற்குப் பொறுப்பேற்ற பெண் அதிகாரி, சுறுசுறுப்பானவள், ஒருநாள் பட்டறைக்கு வந்தாள்.

"திறப்பு விழா அன்னைக்கு யானை ஓடணும்மா. உங்களை விட்டா ஆள் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஓட்டிடலாம்."

"பழைய ஃபோர்மேன் ஐயாதான் சுவிட்சு போடுறாரு. அதுக்கப்புறமும் வாரா வாரம் வந்து, பாக்க வர்றவங்களுக்கு எல்லாத்தையும் விளக்கிச் சொல்றதா ஒத்துக்கிட்டாரு. உங்களுக்கு மாமாவாமே?"

"அம்மா கூடப்பிறந்தவர்."

"அவரைப் பத்தின தகடு ஒண்ணு சுவத்துல இருக்கு. அதை மெருகு போட்டு, விளக்கு வச்சுக் காட்டலாம்னு இருக்கோம்."

மூத்தவள் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள்.

"போடுங்க. நல்லா பளபளன்னு போடுங்க. தூரத்துல இருந்தே படிக்க வரணும்."

அதிகாரி எழுந்தபோது மூத்தவள் இன்னொன்றும் சொன்னாள். "அந்தக் காலத்துல ஒரு வழக்கம் இருந்துச்சு. ஓட்டுறவங்க கையில துணியைக் கொடுத்துத்தான் பொறுப்பைக் கொடுப்பாங்க. விழாவுல அதையும் செஞ்சிடலாம். துணியை நானே கொடுக்கிறேன்."

"அழகா இருக்கும்மா! போட்டோவுக்கும் நல்லா வரும்."

"வரும்" என்றாள் மூத்தவள்.

யானையைப் பிரித்துச் சேர்க்கும் வேலை அந்தக் கூடத்திலேயே நடந்தது. தண்டின்மேல் அவள் ஒரு வெண்கல உறையை அடித்து ஏற்றுவதைத் தம்பி பார்த்தான். தண்டு பளிங்குபோல இருந்தது. உறைக்கு அவசியமே இல்லை.

"இது எதுக்குக்கா?"

"தேய்ஞ்சா உறை தேயட்டும். இயந்திரத்து மேல எனக்கு என்ன பகை?"

அவள் கொழுப்புக் கயிற்றை வளையமாக நறுக்கித் திணித்தாள். மூடியை வைத்தாள். நட்டுகளை விரலால் திருகி, ஸ்பேனரால் தொட்டு, நிறுத்தினாள். ஓட்டிப் பார்த்தார்கள். கிளாண்டு நிதானமாகச் சொட்டியது. சொட்டும் தண்ணீரை வெளியேற்றும் குழாயை அவள் மாட்டவில்லை. அதற்குப் பதில் கீழே ஒரு பித்தளைத் தட்டை வைத்தாள். டங், டங் என்று அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஸ்பேனரைத் துடைத்து, பம்பின் பக்கத்துத் தூணில் அதற்கென்றே பழைய நாளிலிருந்து இருந்த ஆணியில் மாட்டினாள்.

தம்பிக்கு இப்போது புரிந்தது.

"அக்கா, வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"அவரு வயசானவரு."

"அப்பாவுக்கும் வயசாச்சு. முக்காலியில உக்காந்தே வயசாச்சு."

"இது பொறி வைக்கிற மாதிரி இருக்கு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வாயை அளந்து பேசு. கிளாண்டு ஒழுக வேண்டிய அளவுக்குத்தான் ஒழுகுது. ஒரு சொட்டு அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. ஸ்பேனர் எப்பவும் இருக்குற இடத்துல இருக்கு. எடுங்கன்னு நான் சொல்லப் போறதில்லை. எடுக்காத மனுஷனா இருந்தா சுவிட்சைப் போட்டுட்டு, கைதட்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போகட்டும். அப்படிப் போயிட்டா, நான் இத்தனை நாளா நினைச்சது தப்புன்னு அவர் காலைத் தொட்டுச் சொல்றேன்."

"எடுப்பாரு" என்றான் தம்பி, மெதுவாக. "உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். தொட்டில் பழக்கம்."

"அப்ப உனக்கும் இத்தனை நாளா தெரிஞ்சிருக்கு. வாஷர் மாத்தும்போதெல்லாம் சிரிச்சியே, எதை நினைச்சுச் சிரிச்சே?"

தம்பி வெளியே போய் நின்றுகொண்டான். அவன் மாமாவை எச்சரித்துவிடுவானோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு, எச்சரித்தால் எச்சரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். எச்சரித்தும் நிற்காத கை என்றால் அது இன்னும் நல்லது.

விழா முற்பகலில் நடந்தது. கூடம் நிறைய ஆட்கள். பழைய தொழிலாளிகளுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர்களில், தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிட்ட வால்வுக்காரர் ஒருவர் இருந்தார். பல் இல்லாத வாய், ஆனால் அது ஓயாத வாய். தாத்தா காலத்து நீராவி எஞ்சினைப் பார்த்து, "என்னை விடச் சின்னவன்தான், ஆனா இவனுக்கு மட்டும் பெயிண்டு அடிச்சிருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மாமா தும்பைப்பூப் போன்ற சட்டையில் வந்தார். காலர் கசங்கவில்லை, மணிக்கட்டுப் பித்தான் வரை போட்டிருந்தார். தகட்டின்மேல் விளக்கு எரிந்தது. அவர் அதை ஒரு பார்வை பார்த்து, ஓரத்தில் இருந்த விரல் தடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். மகளும் மருமகனும் பக்கத்தில் நின்றார்கள். மருமகனின் முகம் வெளுத்திருந்தது.

மூத்தவள் துவைத்து மடித்த துணியோடு முன்னால் வந்தாள்.

"மாமா, கையை நீட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே நீட்டினார். "அடடே, இதை யாரு ஞாபகம் வச்சிருந்தா?"

"நான்தான்."

துணியை அவர் உள்ளங்கையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "துணி இப்ப உங்க கையில. யானை உங்க பொறுப்பு. இனிமே நான் தொட மாட்டேன்."

"சரிதான்! துணி கைமாறினா வேலை கைமாறின மாதிரி!" என்று வால்வுக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். பழைய ஆட்கள் கைதட்டினார்கள். மாமா சுவிட்சைப் போட்டார். யானை முனகியது, பிளிறியது, பிறகு சீரான மூச்சுக்கு வந்தது. அளவு காட்டும் முள் எழுந்து நின்றது. அப்பா கேட்டிருந்த சத்தம் அது. ஆனால் அவள் அதற்காக வரவில்லை.

அதிகாரி ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கினாள். நகரம் வளர்ந்த கதை, நீராவி வந்த கதை, மின்சாரம் வந்த கதை. மாமா பம்பின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டங். டங்.

அவர் காலை மாற்றி நின்றார். தட்டைப் பார்த்தார். கிளாண்டைப் பார்த்தார். ஒரு சொட்டு தட்டில் தெறித்து அவருடைய வெள்ளைக் கால்சட்டையின் ஓரத்தில் பட்டது. துணியால் துடைத்தார். டங். பேச்சைக் கேட்பவர்போலத் தலையை ஆட்டினார். டங். தம்பி ஓர் அடி முன்னால் வந்து, "மாமா, அது ஒழுகணும்" என்று காதோடு சொன்னதை மூத்தவள் உதட்டசைவிலேயே படித்தாள். "தெரியும்டா, எனக்கா சொல்றே?" என்றார் மாமா.

டங்.

அவர் கை தானாக எழுந்து தூணுக்குப் போனது. ஸ்பேனரை எடுத்தது. அவர் கண் அதிகாரியின் மேல்தான் இருந்தது. முகத்தில் அதே மரியாதையான புன்னகை. கை மட்டும் வேலை செய்தது. இந்தப் பக்கத்து நட்டு, பிறகு அந்தப் பக்கத்து நட்டு. ஸ்பேனரைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, அந்த இடத்தைத் துணியால் ஒரு முறை துடைத்தார்.

சத்தம் நின்றது. மாமாவின் தோள் தளர்ந்து இறங்கியது, நல்ல தூக்கம் கண்டவரைப் போல.

மூத்தவள் அசையவில்லை. அதிகாரி பேசினாள், வால்வுக்காரர் கொட்டாவி விட்டார், யானை ஓடியது. முதலில் வாடை வந்தது, திரி கருகுவதுபோல. முன்வரிசையில் பழைய ஆட்களின் மூக்கு ஒன்றாக நிமிர்ந்தது. பிறகு கிளாண்டிலிருந்து நூல்போல ஒரு புகை எழுந்தது. நூல் கயிறானது.

"புகை! நிறுத்துங்க!" என்று அதிகாரி பதறினாள்.

"நிறுத்தாதீங்க" என்றாள் மூத்தவள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "துணி யார் கையில இருக்கோ அவரு பாத்துக்குவாரு."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா கையில் இருந்த துணியைப் பார்த்தார்.

வால்வுக்காரர் எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கிக் குனிந்தார். "ஒழுக்கே இல்லையே! யாருய்யா முறுக்கினது? ஒரு அரைச் சுத்து உள்ள போயிருக்கு." சிரிக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். அவருடைய பார்வை நட்டிலிருந்து மாமாவுக்கும், மாமாவிலிருந்து சுவரில் மின்னிய தகட்டுக்கும் போனது. "அடப்பாவி" என்றார்.

"சொல்லுங்க மாமா" என்றாள் மூத்தவள். "இப்ப முறுக்கினது யாரு?"

"ஒழுகிட்டு இருந்துச்சும்மா..."

"யாரு?"

"நான்தான். சும்மா ஒரு அரைச் சுத்து..."

"அன்னைக்கு?"

யானையின் மூச்சு கரகரத்தது. புகை விளக்கு வெளிச்சத்தில் சுழன்றது. மாமாவின் மகள், "அப்பா, என்ன கேக்கிறாங்க அண்ணி?" என்றாள். அவர் மகளைப் பார்க்கவில்லை. சட்டைப் பித்தானை விரல் தேடியது. அது ஏற்கெனவே போட்டிருந்தது.

"அன்னைக்கும் அரைச் சுத்துதான்" என்றார்.

"சத்தமா."

"துணி அத்தான்கிட்ட கொடுத்த பிறகு நான்தான் முறுக்கினேன். அத்தான் ஆத்துல இருந்தாரு. அத்தானுக்குத் தெரியாது. போதுமா?"

"போதாது" என்றாள் அவள். "நீங்க முறுக்கினதை நீங்களே தளர்த்துங்க. யானை வெந்துட்டிருக்கு."

மாமா ஸ்பேனரை எடுத்தார். முதலில் அது நட்டில் உட்காரவில்லை. யாரும் உதவிக்குப் போகவில்லை. ஒருவழியாகத் திருப்பியதும் கிளாண்டு சீறியது. கருகிய கயிற்றின் கரியோடு சுடுதண்ணீர் தெறித்து அந்தத் தும்பைப்பூச் சட்டையில் கோலம் போட்டது. புகை அடங்கியது. டங், டங் என்று சொட்டு மறுபடியும் விழ ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் அவள் அதிகாரிக்குக் கண் காட்டினாள். யானை நின்றது.

"இப்ப அந்தத் தகடு" என்றாள்.

திருப்புளியைத் தம்பிதான் கொண்டுவந்து கொடுத்தான். அவன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கொடுத்தான். தகட்டின் திருகுகளும் மாமா ஒரு காலத்தில் இறுக்கியவைதான். மாமா மூடியதை மாமாதான் திறக்க வேண்டும் என்பது அன்றைக்கு நிஜமாகவே நடந்தது. முட்டி வெளுக்கத் திருகினார். வியர்த்தார். தகடு கழன்று வந்தபோது பின்னால் வெளிறிய சதுரமும் நாலு ஓட்டையும் இருந்தன.

"அதுல வேற தகடு அடிச்சிடலாம்மா" என்றாள் அதிகாரி, எதையாவது சொல்ல வேண்டுமே என்று. "உங்க அப்பா பேரைப் போட்டு..."

"வேண்டாம். எங்கப்பாவுக்குத் தகடு தேவையில்லை. அந்த ஓட்டையை யாரும் அடைக்க வேண்டாம். சுண்ணாம்பும் அடிக்க வேண்டாம். இவர்தான் வாரா வாரம் வந்து எல்லாத்தையும் விளக்கிச் சொல்றதா ஒத்துக்கிட்டாரே. வரட்டும். இது என்ன ஓட்டைன்னு யாராவது கேட்டா, சொல்லட்டும்."

மாமாவின் மகள் அவள் எதிரே வந்து நின்றாள். கண்ணீர் வழிந்தது, குரல் மட்டும் கல்லாக இருந்தது. "இனிமே எங்க வீட்டு வாசல்ல கால் வைக்காதீங்க அண்ணி."

"வைக்க மாட்டேன்."

"உங்க தம்பி வீடுதானே, ரெண்டு நாள்ல எல்லாம் சரியாயிடும்னு நினைக்காதீங்க."

"நினைக்கலைம்மா. கணக்குப் போட்டுத்தான் வந்தேன். உங்கப்பாவைப் பிடிச்சுக்கோ, நிக்க முடியாம நிக்கிறாரு."

அன்று சாயங்காலம் தம்பி பட்டறைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிறகு வந்தான்; வேலையைப் பற்றி மட்டும் பேசினான். தம்பியின் பிள்ளைகளை வீதியில் பார்த்தால் அவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அது அவளுக்கு வலித்தது. வலித்ததை அவள் யாரிடமும் காட்டவில்லை. கடைத்தெருவில் போகும்போது வால்வுக்காரர் எதிரில் வந்தால் நின்று, "டிரைவர் மகளே, சௌக்கியமா?" என்று உரக்கக் கேட்பார். வேண்டுமென்றேதான் உரக்கக் கேட்பார். இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கருக்கி என்ற சொல் அதற்குப் பிறகு அவள் காதில் விழவில்லை.

மாமா வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வந்தார். வீட்டில் உட்கார்ந்திருந்தால் மகளின் மௌனத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் வந்தாரோ, அல்லது ஒத்துக்கொண்ட வேலையை விடக்கூடாது என்று வந்தாரோ, தெரியாது. கறுப்புச் சட்டை போட்டு வந்தார்.

முதல் வாரம் மூத்தவளும் போனாள். கூட்டத்தின் கடைசியில், சுவரோரமாக, முதுகு நிமிர்ந்து நின்றாள். மாமா நீராவி எஞ்சினைக் காட்டினார், கொதிகலனைக் காட்டினார், அளவு காட்டும் முள்ளைக் காட்டினார். யானையிடம் வந்ததும் பேச்சின் வேகம் குறைந்தது. ஊர் சுற்றிப்பார்க்க வந்த ஒருவர் சுவரைக் காட்டினார்.

"இந்த இடத்துல என்னங்க இருந்துச்சு? நாலு ஓட்டை மட்டும் இருக்கே."

மாமா கூட்டத்தை நோட்டம் விட்டார். கடைசியில் நின்றவளைப் பார்த்துவிட்டார். தலை குனிந்தது.

"ஒரு தகடு இருந்துச்சுங்க. அதுல ஒரு பொய் எழுதியிருந்துச்சு" என்றார், முணுமுணுப்பாக.

மூத்தவள் தொண்டையைச் செருமினாள்.

"சத்தமா சொல்லுங்க மாமா. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலை."